பெருமீனும் புதுவெள்ளமும்
(பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. எனினும் பெருமீன்களைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கும் உண்டு. 1925ஆம் ஆண்டு தொடங்கி 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை, நிரம்பிய காலத்தில் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீரைத் தேக்கி வைக்கிறது. ஓர் ஆள் தூக்கத் திணறும் மீன்கள் அதில் வளர்கின்றன. அவற்றின் இயல்பை அறியாமல் வலை வீசுவதால் நேரும் இழப்பைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம்.

கடல்மீன் ஒன்றை முதலில் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களில் களவா மீன் பாறைப் பொந்தில் பதுங்கியிருந்து, அருகே வரும் இரையை வாய் திறந்து உறிஞ்சி விழுங்கும். களவா இனங்களிற் பல, முதலில் பெண்ணாக இருந்து, பெருத்தபின் ஆணாக மாறுவன. ஆகவே பெரியவற்றையே தேடிப் பிடித்துவந்தால் ஆண்மீன்களுக்குப் பஞ்சம் வந்துவிடும். முட்டையிடும் பருவத்தில் ஓரிடத்தில் திரளாகக் கூடும் வழக்கமும் சில இனங்களுக்கு உண்டு. அவ்விடத்தை அறிந்தவர் சில நாட்களிலேயே பல ஆண்டுச் செல்வத்தை வாரிவிடலாம்.

நம் ஆற்றுக் கெண்டைகளிடம் இத்தகைய பால்மாற்றம் இல்லை. காலம் தாழ்த்து முதிர்வதும், கூடி முட்டையிடுவதும் இங்கும் உண்டு. கட்லாவைப் பாருங்கள். பெருந்தலையும் மேல்நோக்கிய வாயும் உடைய இம்மீன் காவிரிக்கு உரியதன்று. வடக்கேயுள்ள ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்டே, நல்ல நீரில் ஓராண்டில் ஒரு கிலோ எடையை எட்டிவிடும். இனம் பெருக்கவோ இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பருவம் எய்திய பின்னும் தேங்கிய நீரில் முட்டையிடாது. வயிறு நிறையச் சினை இருக்கும். புதுவெள்ளம் வந்து, கலங்கல் நீர் கரையோரப் புல்வெளிமீது ஏறினால்தான் ஆணும் பெண்ணும் அங்கே கூடும். வெள்ளம் வராத ஆண்டில் அச்சினை உடலுக்குள்ளேயே கரைந்துபோகும்.

தாய்மீனின் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டைகள் என்பது கணக்கு. பத்துக் கிலோத் தாய்மீன் ஒன்றை வெள்ளக் காலத்தில் பிடிப்பவர் எத்தனை லட்சங்களைக் கூடவே தூக்கிச் செல்கிறார் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். சினைமீனுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அதன் சுவையை நாமும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கிலோ மீன்களைப் பத்துப் பத்தாகச் சிறுகண் வலையில் அள்ளுவது அதனினும் கொடிது. அவை ஒருமுறையேனும் முட்டையிடாதவை.

அணை நமக்குப் பயிரும் மின்சாரமும் தந்தது. ஆனால் மீனின் பாதையை அது மறித்தது. கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிட்டு வந்த ஹில்சாவின் வரவு அதன்பின் அருகிவிட்டது. காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மஹசீரின் நிலை இன்னும் துயரமானது. 1946ஆம் ஆண்டு கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மஹசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. அத்தகைய மீன் வாழ்ந்த இப்படுகையில், 2018ஆம் ஆண்டில் கூன்முதுகு மஹசீர் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்த கைகள் எவருடையவை?

நீர் வெகுவாக வற்றும்போது பண்ணவாடியில் மூழ்கியிருந்த நந்தியின் தலை வெளிப்படும். அதைக் காணக் கூட்டம் கூடும். அதே வேளையில் பெருமீன்கள் எஞ்சிய ஆழத்தில் நெருங்கி நிற்கும், பிடிப்பது எளிது. அடுத்த வெள்ளத்துக்கு வேண்டிய தாய்மீன்கள் அவையே. அப்போது வலைக்குச் சற்று ஓய்வு தரும் ஊரே ஆடி, ஆவணியில் குஞ்சு காணும்.

ஏரி, குளங்களை ஏலம் எடுப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. வெள்ளமில்லாமலே கெண்டைகளை முட்டையிடச் செய்யும் வழியை 1957ஆம் ஆண்டு ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் கண்டனர். மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தினர். வெள்ளம் தரும் தூண்டுதலை அச்சாறு தந்தது. இன்று பண்ணைகளில் குஞ்சு கிடைப்பது அதன் பயனே. கட்லா நம் ஏரியில் தானாகப் பெருகாதாகையால், ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு விடுதல் வேண்டும். வாளையும் விராலும் உள்ள ஏரியில் விரல் நீளத்துக்குக் குறைந்தவற்றை விட்டால் அவை இரையாகவே முடியும். குஞ்சுகள் உள்ள பையைக் காலை வேளையில் ஏரிநீரில் கால்மணி நேரம் மிதக்க விட்டு, உள்நீரின் சூடும் வெளிநீரின் சூடும் ஒன்றான பிறகே வாயை அவிழ்க்க வேண்டும்.