அரசரும் சட்டமும் நம் வீடும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஒரு நாட்டில் கடைசிச் சொல் யாருடையது? அரசருடையதா, சட்டத்தினுடையதா, மார்க்கத்தினுடையதா? துனிஸில் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் இதை ஆராய்ந்தார். ஆள்பவர் மனம்போனபடி ஆண்டால் அநீதி பெருகும். எல்லாரும் ஏற்றுப் பணியும் சட்டம் வேண்டும் என்றார். அறிவாளிகள் வகுத்த சட்டம் இம்மைக்கு உதவும். மார்க்கச் சட்டமோ மறுமைக்கும் உதவும் என்று அதையே மேலாக வைத்தார்.

நம் ஜொகூரில் சுல்தான் அபூபக்கர் 1895-இல் எழுத்து வடிவில் அரசியல் சாசனம் வழங்கினார். நாட்டை ஐரோப்பியரிடம் ஒப்படைக்கச் சுல்தானுக்கே உரிமையில்லை என்று அதில் எழுதப்பட்டது. அரசரே தம்மைச் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டார்! 1957-இன் கூட்டரசு அரசியலமைப்பு, 3-ஆம் பிரிவில் இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக்கி, பிற சமயத்தாரின் வழிபாட்டுக்கும் இடம் தந்தது. 4-ஆம் பிரிவு அந்த அரசியலமைப்பையே உச்சச் சட்டமாக்கியது.

இது நம் வீட்டு வாசலுக்கும் வரும். வாப்பா மவுத்தானால், யாருக்கு எத்தனை பங்கு என்று ஷரியா நீதிமன்றம் ஃபராயிள் சான்றிதழ் தரும். வீட்டுக் கிராண்டில் பெயர் மாற்ற, சொத்துக்குத் தக்கபடி நில அலுவலகத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகவேண்டும். முன்னதோடு நின்றுவிட்டால் கிராண்டில் வாப்பா பெயரே இருக்கும். பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்காகும். முன்னதை மறைத்தால் தங்கச்சியின் பங்கு பறிபோகும்.

அரசரே சட்டத்துக்குள் நின்ற மண்ணில், மூத்த அண்ணன் மட்டும் வெளியே நிற்கலாமா? இந்தப் பொன்விழா ஆண்டிலேயே முடங்கிக் கிடக்கும் கிராண்டுகளை எடுத்துப் பாருங்கள்.