குரலுக்கு உரியவர் யார்?



கலை பயிற்றும் ஆசானுக்கு மாணவியின் வாழ்வில் எவ்வளவு உரிமை உண்டு? இவ்வினாவைக் காதலும் நகைச்சுவையும் இசையும் கலந்து எழுப்பிய படம், 1934இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘ஒன் நைட் ஆஃப் லவ்’. இயக்கியவர் விக்டர் ஷெர்ட்சிங்கர். கதைத்தலைவியாகப் பாடி நடித்தவர் கிரேஸ் மூர்.

மேரி என்னும் அமெரிக்க இளம்பெண் இசை பயில இத்தாலியின் மிலான் நகருக்குச் செல்கிறாள். அங்கு உணவு விடுதியொன்றில் பாடும் அவள் குரலைக் கேட்ட ஆசான் மான்டெவெர்டி, அவளைப் பெரும் பாடகியாக்க முன்வருகிறார். அவர் விதிக்கும் நிபந்தனைகள் இரண்டு: அவள் அவர் சொற்படியே வாழவேண்டும், இருவரிடையே காதல் கூடாது. முதல் நிபந்தனை அவளை வாட்டுகிறது. இரண்டாவது இருவரையுமே வாட்டுகிறது. ஆசானின் பழைய மாணவி ஒருத்தி குறுக்கிட, பொறாமை மூள்கிறது. காதலை விலக்கியவரே காதலில் வீழ்வதுதான் படத்தின் நகைச்சுவை.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் மேரியின் முதல் மேடை. ஆசான் உடனில்லை; அச்சம் அவளை ஆட்கொள்கிறது. அவ்வேளை, மேடையின் முன்விளிம்பில் அடியெடுத்துக் கொடுப்பவர் அமரும் சிறு கூண்டில் மான்டெவெர்டியின் முகம் தெரிகிறது. குரல் எழுகிறது.

அவள் பாடுவது, 1904இல் மிலானில் முதன்முதல் அரங்கேறிய புச்சீனியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’. அமெரிக்கக் கணவனுக்காகக் காத்திருந்து ஏமாந்து மாயும் ஜப்பானியப் பெண்ணின் கதை அது. இன்பியல் படமொன்று துன்பியல் நாடகத்துக்குள் சென்று முடிகிறது. நாடகப் பெண்ணின் காத்திருப்பு பொய்க்க, பாடுபவளின் காத்திருப்பு பலிக்கிறது. இம்முரண் அழகியது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அவர் முகம் காணாவிடில் அவளால் பாட இயலாதா? விடை கிரேஸ் மூரின் வாழ்விலேயே உள்ளது. டென்னசியில் பிறந்து, பிராட்வே கேளிக்கை மேடைகளில் பாடி, பிரான்சில் பயின்று, 1928இல் அதே மெட்ரோபாலிட்டனில் ‘லா போஎம்’ நாடகத்தின் மிமியாக அரங்கேறியவர் அவர். 1930இல் நடித்த படங்கள் கைகொடுக்கவில்லை. நான்காண்டு கழித்து இப்படம் அவரை உலகறியச் செய்தது. இசையமைப்புக்கான ஆஸ்கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றதும் இப்படமே. 1947இல் கோபன்ஹேகன் நகரில் நேர்ந்த விமான விபத்தில் மறையும்வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

அடியெடுத்துக் கொடுத்தல் என்பது கவிஞர்கள் நன்கறிந்த சொல். முதலடி தந்தவருக்கு நன்றி உரியது. மூச்சடக்கி எஞ்சிய அடிகளைப் பாடியவருக்கே பாட்டு உரியது.