ஓட்டம் மட்டும் போதாது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, திருச்சுழிப் பெரியோர்களே, தாய்மார்களே!

"கபடியும் சிலம்பமும் குத்துச்சண்டையும் ஆடுகிறவனுக்கு ஓட்டமும் தண்டாலும் போதாதா, கெட்டில்பெல் எதற்கு?" என்று எதிரணி கேட்டது. ஓடாதே என்று நாங்கள் சொல்லவில்லை. அது போதாது என்கிறோம்.

கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி. அதற்குள் பாய வேண்டும், குனிய வேண்டும், கணுக்காலைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட வேண்டும். இப்படி ஒரு பாதிக்கு 20 நிமிடம். அங்கே நம் பிள்ளை எப்போது விழுகிறான்? மூச்சு வாங்கும் அதே நேரத்தில் இடுப்பும் கைப்பிடியும் தளரும்போது விழுகிறான். ஓடினால் மூச்சு பழகும். எடை தூக்கினால் வலு கூடும். மூச்சு வாங்க வாங்க வலுவைக் காட்டப் பழக்குவது கெட்டில்பெல் வீச்சு, அதாவது பிடி வைத்த அந்த இரும்புக் குண்டைக் கால்களுக்கிடையிலிருந்து முன்னால் வீசுவது.

கெட்டில்பெல்லின் எடை கைப்பிடியில் இல்லை, பிடிக்குக் கீழே தள்ளி இருக்கிறது. வீசினால் ஆளையே முன்னால் இழுக்கும். தோளால் தூக்கப் பார்த்தவன் சீக்கிரமே நின்றுவிடுவான். இடுப்பை வெடுக்கென்று முன்னே தள்ளத் தெரிந்தவன்தான் தொடர்வான். சிலம்பத்திலும் அடி கையிலிருந்தா வருகிறது, இடுப்பிலிருந்தா? இங்கே இருக்கிற சிலம்ப வாத்தியார்களையே கேட்கிறேன்.

ரஷ்யாக்காரன் பொருள் என்றார்கள். உண்மைதான். அங்கே சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல் அது. அவர்களுடைய பழைய எடையளவான 'பூட்' ஒன்று என்றால் 16 கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடைக்கல்லைத் தூக்கி அவர்கள் பலம் பார்த்தார்கள். இளவட்டக்கல்லைத் தோளில் ஏற்றிப் பின்னால் போட்ட நம் சீமைக்கு இது அந்நியமா? நம்மிடம் கர்லாக்கட்டை இருக்கிறதே என்பீர்கள். அதை நான் கும்பிடுகிறேன். தோளுக்கு அது அருமருந்து. ஆனால் பின்தொடைக்குக் கெட்டில்பெல் கொடுக்கும் அளவு வேலை அது கொடுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் இங்கே யாரால் ஓட முடியும்? மழை பெய்தால் கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு வருகிறது. கெட்டில்பெல்லுக்கு வேண்டியது வேப்பமர நிழலும் ஆறடி இடமும்தான்.

முதுகு போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். தவறாகச் செய்தால் போகும்தான். அதனால் எடுத்ததும் வீசக் கூடாது. குண்டைத் தரையில் வைத்து, முதுகு வளையாமல் இடுப்பை மடித்து, தூக்கி வைக்கப் பழக வேண்டும். அது படிந்த பிறகுதான் வீச்சு. இளைஞர்களுக்கு 12 அல்லது 16 கிலோ, பெண்பிள்ளைகளுக்கு 8 அல்லது 12 கிலோ. 15 நொடி வீச்சு, 45 நொடி ஓய்வு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். முதுகு வளைந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக ஏறியது. நம் பிள்ளைகளும் அப்படிப்பட்ட மேடை ஏற வேண்டும். ஊர் ஊருக்குக் கபடிக் கோப்பை வாங்கித் தரும் பெரியவர்களே, இந்த ஆண்டு கோப்பையோடு 12 கிலோவில் ஒன்றும் 16 கிலோவில் ஒன்றுமாக இரண்டு கெட்டில்பெல்லும் வாங்கிக் கொடுங்கள். நடுவர் ஐயா, தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள்.