குளிர்காலையில் டீசல் எஞ்சின்

மார்கழி மாதத்து விடியற்காலையில் திருமலைக்குப் பஸ் ஏறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், வண்டியோ நின்ற இடத்தை விட்டு அசையாது. வைகுண்ட ஏகாதசிக்கு விரைகின்ற கூட்டம், "இன்னும் ஏன் கிளம்பவில்லை?" என்று பொறுமையிழந்து கேட்கும். டிரைவரோ தம் முன்னுள்ள முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சில நிமிஷங்கள் வீண் போகவில்லை என்பதைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து, சித்தூரிலும் திருப்பதியிலும் பஸ், லாரி, பொக்லைன் ஆகியவற்றோடு வாழ்நாளைக் கழிக்கும் தமிழர் பலர் உளர். வடக்கே பனிமலைச் சாலைப் பணிக்குச் சென்றவர்களும் உளர். இவ்விரு சாராருக்கும் இச்செய்தி பயன்படும்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை, காற்றை இறுக்குவதே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகவோ இருபதில் ஒரு பங்காகவோ இறுக்கினால், அதன் வெப்பம் 500 டிகிரியையும் கடக்கும். அதன்மேல் தெளிக்கப்படும் டீசல் தானே தீப்பற்றிக்கொள்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் இக்காரியத்திற்கு மூன்று தடைகள் உண்டு. குளிர்ந்த இரும்பு, காற்றின் சூட்டைக் கவர்ந்துகொள்கிறது. கெட்டிப்பட்ட எண்ணெய், எஞ்சினைச் சுழல விடாமல் தடுக்கிறது. பாட்டரியின் வலிவும் குளிரில் குன்றிவிடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலச் சுழல, இறுக்கப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து, சூடு மேலும் குறையும். புகைக்குழாயில் முதலில் வரும் வெண்புகை, எரியாமல் வெளியேறும் டீசலே அன்றி வேறன்று.

சித்தூர்ச் சீமையின் குளிர் கொடிய குளிரன்று. நீர் உறையும் நிலைக்கு அது இறங்குவதில்லை. எனினும் மதனப்பள்ளி, பலமநேர், குப்பம் ஆகிய மேட்டுநிலப் பகுதிகளில், கல் குவாரிகளில் இரவெல்லாம் திறந்த வெளியில் நின்ற இயந்திரம் காலையில் முரண்டு பிடிக்கும். நல்ல பாட்டரியும், காலத்திற்கு ஏற்ற எண்ணெயும், ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் அதன் விளக்கு அணையும்வரை காத்திருக்கும் பொறுமையும் இங்கே போதுமானவை.

லடாக்கில் நிலை வேறு. அங்கே டீசலிலுள்ள மெழுகே உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். 1960-இல் தோன்றிய எல்லைச் சாலை அமைப்பினர் இத்தகைய குளிரிலேதான் பனியை அகற்றி வழி திறக்கின்றனர். உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரை ஓடும் தன்மை கெடாத குளிர்கால டீசலை, இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் அப்பகுதிக்கென வழங்கத் தொடங்கியது.

எஞ்சின் கிளம்பியதும் செய்ய வேண்டியது என்ன? எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குளிரில் மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து நிமிஷம், மெதுவான ஓட்டம் போதும். எண்ணெய் டர்போவின் தாங்கிகளை எட்டுமுன் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிடலாகாது. பின்னர், குறைந்த பாரத்தோடு வேலையைத் தொடங்க வேண்டும். பொக்லைனானால் அதன் கையையும் வாளியையும் சில முறை மெல்ல ஏற்றி இறக்கினால் ஹைட்ராலிக் எண்ணெயும் சூடேறும். அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவது நன்மையென்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பாரமின்றி ஓடும் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. டாங்கின் கீழே நெருப்பு மூட்டலாகாது. குளிர்ந்த எஞ்சின் மீது கொதிநீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக் கூடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈத்தர் தெளிப்பது பேராபத்து. எல்லாவற்றினும் கொடியது, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும், குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை அடைத்துக் கரி அடுப்பை வைத்துக்கொண்டு காபினில் உறங்குவதும் ஆகும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் விழிக்காமலே போவார். தொலைதூரம் சென்று உழைக்கும் நம்மவர் இதை மறவாதிருக்க வேண்டும். ஊரில் அவர்களை எதிர்பார்த்துக் குடும்பங்கள் காத்திருக்கின்றன.

இனித் திருமலைக்கு மீள்வோம். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலையே இன்று இறங்கும் வழியாக உள்ளது. கொண்டையூசி வளைவுகள் மலிந்த வழி அது. இத்தகைய பாதையில் பஸ்ஸை நிறுத்துவது காற்றழுத்தப் பிரேக். அந்தக் காற்றைத் தொட்டியில் நிரப்புவதும் எஞ்சினே. இரவெல்லாம் நின்ற வண்டியில் காற்று கசிந்து குறைந்திருக்கலாம். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்த முள், அந்தக் காற்றின் அளவைக் காட்டும் முள்ளே. பாட்டரி சோர்ந்ததென்று சரிவில் வண்டியை உருட்டிக் கிளப்ப முனைவோர், பிரேக்கின் துணையின்றிப் பள்ளத்தை நோக்கிச் செல்கின்றனர் என்பதை உணர வேண்டும்.

2022 முதல் மின்சாரப் பஸ்களும் இம்மலையில் ஓடுகின்றன. ஆயினும் குவாரியிலும் சாலையிலும் பெரும்பாரம் சுமப்பது இன்னும் டீசலே. எனவே, அடுத்த முறை வண்டி கிளம்பத் தாமதமானால் டிரைவரை நாம் நெருக்க வேண்டாம். அவர் எடுத்துக்கொள்ளும் ஐந்து நிமிஷம், வண்டியிலுள்ள ஐம்பது உயிர்களுக்கு அவர் செய்யும் காவலாகும்.