பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிக்கிறேன். ஒயர் கூடை பின்னுவதற்கு வகுப்பு வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் எழுதிக் கொடுத்தபோது, "எதுக்கும்மா வகுப்பு? செல்போன்ல வீடியோ நிறைய இருக்கே, பார்த்துப் பின்னிக்கலாமே" என்று சொன்னவள் நான்தான். சொல்லித்தருபவருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும் என்று நினைத்தேன்.

நம்ம உறுப்பினர் ஒரு அக்கா நான் சொன்னதை நம்பி வீடியோ பார்த்துப் பின்னினார். ரெண்டு கையும் ஒயரில் இருக்கும்போது போனை எப்படி நிறுத்துவது? நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பத்து நாள் பாடுபட்டு முடித்தார். கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டில் சிரித்தார்கள். "நமக்கு இதெல்லாம் வராது"ன்னு பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

பிறகு நீங்கள் விடாமல் கேட்டதால் வகுப்பு தொடங்கியது. சொல்லித்தர வந்த அம்மா அந்தக் கூடையை வாங்கிக் கவிழ்த்து, அடிப்பகுதி முடிச்சை எண்ணினார். எல்லா வரிசையிலும் 20 முடிச்சு, ஒரு வரிசையில் மட்டும் 19. "இவ்வளவுதாம்மா, இது வரைக்கும் பிரிச்சிரு. ஒயர் வீணாகாது" என்றார். அந்த அக்கா முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க! பத்து நாளாக மனசில் இருந்த பாரம் ஒரு நிமிஷத்தில் இறங்கியது.

வீடியோ முடிச்சைக் காட்டும். நம்ம கூடையில் எங்கே தப்பு என்று அதற்குத் தெரியாது. முடிச்சை எவ்வளவு இறுக்கணும் என்பதைக் கையைப் பிடித்துத்தான் சொல்லித் தர முடியும். இப்போது அந்த அக்கா சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் மூன்று முடிச்சும் போடுகிறார். இடது கைப் பழக்கமுள்ள தங்கச்சி ஒருத்திக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியும் தருகிறார்.

இன்னொரு நன்மை, கணக்கு. தனியாகப் பின்னுகிறவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். வகுப்பில் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஒயருக்கு 120 ரூபாய், பின்ன 2 நாள். 200 ரூபாய்க்கு விற்றால் நம் கூலி ஒரு நாளைக்கு 40 ரூபாய்தான். இது கட்டுமா? கட்டாது. அதனால் ஒயரை மொத்தமாக வாங்குவது, விலையைக் குழுவாக நிர்ணயிப்பது என்று முடிவெடுத்தோம். கூடை பின்னிப் பணக்காரர் ஆகலாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஓய்வு நேரத்தில் கைச்செலவுக்கு ஆகும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்திருப்பதால், பல வருஷம் உழைக்கும் கூடைக்குத் தேவையும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. மாதக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாத உறுப்பினர் ஒருவர், வகுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டே, தனியார் பைனான்ஸில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியவில்லை என்று அழுதுவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே குழு அவருக்கு உள்கடன் கொடுத்தது. தவணையைக் கட்டினார். செல்போன் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்குமா?

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படையை நேரில் கற்றுக்கொண்ட பிறகு புது டிசைனுக்குப் பாருங்கள். தையல் போன்ற பெரிய தொழில் கற்க விரும்புவோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசப் பயிற்சி உண்டு. நம் மாவட்டத்தில் எந்தெந்தப் பயிற்சி எப்போது என்று வங்கிக் கிளையில் கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொரு குழுவும் ரெண்டு பேர் பெயர் கொடுக்கணும். பரணில் பாதிக் கூடை வைத்திருப்பவர்கள் வெட்கப்படாமல் எடுத்து வாங்க. சேர்ந்து பிரிப்போம், சேர்ந்து பின்னுவோம்.