இல்லத்தில் வலி தணித்தல்



‘வலி’ என்னும் சொல்லுக்கு மலையாளத்தில் இழுத்தல் என்பது பொருள். நாம் மனத்துயருக்கு வழங்கும் ‘வேதனை’யே அங்கு உடல்வலி. ஆகவே திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர், இல்லம் தேடி வரும் செவிலியர் ‘வேதனை உண்டோ?’ என வினவினால், நோயாளியின் உடல்வலியை ஒளியாது உரைத்தல் வேண்டும்.

டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-ஆம் ஆண்டில் நிறுவிய ‘பாலியம் இந்தியா’ அந்நகரில் இத்தொண்டை ஆற்றி வருகிறது. கேரள அரசும் 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. எனினும், வேளைதோறும் மருந்தளிப்பவர் வீட்டாரே. அவர்கள் அறிய வேண்டுவன சில.

கடும் வலிக்கு மருத்துவர் தரும் சாதாரண மார்பின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். பழகிவிடுமென்றஞ்சி, வலி முற்றும்வரை காத்திராமல், குறித்த வேளையில் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கேட்டுப் பெறுதல் நன்று. அளவைத் தாமே கூட்டுதலும் திடீரென நிறுத்துதலும் தகா. எழுப்பினும் தெளியாத உறக்கமோ மூச்சுத் தளர்ச்சியோ கண்டால், மேலும் மருந்தளியாது உடனே மருத்துவ உதவியை நாடுக. மாத்திரைகளைப் பூட்டி வைக்க.

வேளையையும் அளவையும் தமிழிலேயே எழுதி, செவிலியரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். புரிந்து கொடுக்கும் மருந்தே நோயாளிக்குக் காவல்.