தண்ணீரில் வளரும் களை: வருமுன் தடுப்போம்

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் நடந்த மாதாந்தக் குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் நிறை, கிளினிக், மலசலகூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்குத் தண்ணீரில் வளருகிற களையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "மலையில புடுங்குற புல்லு போதாதா, தண்ணியில உள்ளது நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம்ம லயத்துப் பாதைக்கு வரவேண்டிய காசும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆகாயத்தாமரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலைத்தண்டு காற்றடைத்த பந்துபோல இருக்கும். பூ ஊதா நிறம், பார்க்க மிக அழகு. சிங்களத்தில் ஜப்பான் ஜபர என்பார்கள். யுத்த காலத்தில் ஜப்பான்காரனுடைய விமானத்தை ஏமாற்ற வளர்த்தது என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் கதை சரியில்லை. இது தென்னமெரிக்காச் செடி. ஜப்பான் யுத்தத்துக்கு முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னமே, 1905ஆம் ஆண்டு அளவில், அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பரவிய வேகத்தைப் பார்த்த அரசாங்கம் 1909லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. நூறு வருசத்துக்கு மேலாகியும் செடி ஒழிந்தபாடில்லை.

அடுத்தது சல்வீனியா. சின்னச் சின்ன இலையாகத் தண்ணீரின்மேல் பாய் விரித்த மாதிரிப் படரும். 1939இல் கொழும்பில் மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பிக்கக் கொண்டுவந்தது, வெளியேறி வயலையும் குளத்தையும் மூடிவிட்டது. 1986இல் அவுஸ்திரேலியாவின் உதவியோடு இந்தச் செடியை மட்டும் தின்னும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான், சில வருசத்தில் பல இடங்களில் அது அடங்கியது. ஆனால் அந்த வண்டு சூடான இடத்தில்தான் நன்றாகப் பெருகும். நம்ம மலைக்குளிரில் அதை நம்பியிருக்க முடியாது. நமக்குக் கையும் கண்ணும்தான் வண்டு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சூடும் சத்தும் உள்ள தண்ணீரில் ஆகாயத்தாமரை இரண்டு கிழமையில் இரட்டிப்பாகும். இன்றைக்கு ஒரு செடி என்றால் இரண்டு கிழமையில் இரண்டு, ஒரு மாதத்தில் நாலு. இப்படியே போனால் ஆறு மாதத்துக்குள் நாலாயிரத்தைத் தாண்டும். குளிரில் கொஞ்சம் மெதுவாகப் பெருகும், அவ்வளவுதான். விதை சேற்றில் விழுந்தால் பதினைந்து வருசத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். களை மூடிய தண்ணீருக்குள் வெயில் இறங்காது. மீனுக்கு மூச்சுக்காற்று குறையும். தண்ணீர் நாறும், நுளம்பு பெருகும்.

இப்போது நம்ம இடத்தைப் பாருங்கள். காசல்ரீயில் கெஹெல்கமு ஓயாவையும், மவுசாகலையில் மஸ்கெலி ஓயாவையும் மறித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் விமலசுரேந்திர, லக்சபான, பொல்பிட்டிய மின் நிலையங்களைச் சுற்ற வைக்கிறது. பிறகு களனி கங்கையாக ஓடி, அம்பத்தலையில் சுத்தமாக்கப்பட்டு, கொழும்பு மக்களுக்குக் குடிதண்ணீராகிறது. நாம் இருப்பது ஆற்றின் தலைமாட்டில். இங்கே கானில் போட்ட ஒரு செடி மழையோடு ஓயாவுக்குப் போனால், பிறகு அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

தண்ணீரில் சத்துக் கூடினாலும் ஆபத்துத்தான். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நச்சுப்பாசி படர்ந்தது. மலையிலிருந்து கழுவிப் போகும் உரம், சவர்க்காரத் தண்ணீர், மலசலகூடக் கழிவு எல்லாம் களைக்கும் பாசிக்கும் போடுகிற பசளை மாதிரி.

மீனையும் மறக்கக்கூடாது. கண்ணாடித் தொட்டிக்கு 'டேங்க் கிளீனர்' என்று வாங்குகிற மீன், வளர்ந்ததும் பாவம் என்று ஆற்றில் விடப்பட்டு, விக்டோரியா நீர்த்தேக்கம் வரைக்கும் பெருகிவிட்டது. அதன் தோல் கவசம்போலக் கடினம். வலையைக் கிழிக்கும், வாங்குவாரும் இல்லை. டெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அந்நிய விரால் இனமொன்று மற்ற மீன்களைத் தின்று தீர்த்ததால், 2025 மே மாதம் அதைப் பிடிப்பதற்கென்றே தூண்டில் போட்டி வைத்தார்கள்.

சரி, இதில் பிரதேச சபைக்கு என்ன வேலை? கானும் குப்பையும் கடைவீதியும் சபையின் பொறுப்பு. அந்தக் கான் போய் முடிகிற இடம் ஓயா. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள்ளே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. வோட்டு மட்டும் போட்டோம், பாதை கேட்டால் "அது தோட்டத்துப் பாதை" என்றார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருசம் பழைய அம்பகமுவ சபை பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபை வந்தது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடியும் நம்ம உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முப்பது வருசம் காத்திருந்து கிடைத்த உரிமை இது. அந்தப் பணம் பாதைக்கும் கானுக்கும் தெருவிளக்கிற்கும் போகவேண்டும். கொழும்புக் கால்வாய்களில் இயந்திரம் வைத்துக் களை அள்ளுகிறார்கள். அள்ளிய இடத்தில் திரும்ப முளைக்கிறது, திரும்பவும் செலவு. நம்ம சபைக்கு அப்படியொரு செலவு வந்தால், முதலில் வெட்டு விழப்போவது நம்ம பாதைக்குத்தான். மலையில் முதல் சுற்றில் எடுக்காத புல், அடுத்த சுற்றில் எத்தனை ஆள் கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் கண்டார்கள். இருபது வருசத்துக்குள் கோப்பித் தோட்டமே இல்லாமல் போனது. அதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நாம் செய்யவேண்டியது இவ்வளவுதான்:

1. பூவுக்கு ஆசைப்பட்டு ஆகாயத்தாமரையைச் சட்டியிலோ பீப்பாவிலோ வளர்க்காதீர்கள். யாரும் தந்தால் வாங்காதீர்கள்.

2. தொட்டி மீனை ஓயாவில் விடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் செடியையும் கானில் ஊற்றாதீர்கள், தரையில் ஊற்றுங்கள்.

3. வேறு குளத்தில் போட்ட வலை, தூண்டில், வாளியை இங்கே கொண்டுவந்தால் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு இறக்குங்கள். நியூசிலாந்தில் படகுக்காரரும் மீன்பிடிப்பவரும் "பார், கழுவு, காயவை" என்று இதையே செய்கிறார்கள்.

4. ஓயாவிலோ நீர்த்தேக்கக் கரையிலோ செடியைக் கண்டால் அன்றைக்கே நமக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவேண்டாம். மருந்து அடிக்கவும் வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர். பெரியவர்கள் சேர்ந்து வேரோடு எடுத்து, மழைத்தண்ணீர் அடித்துப் போகாத மேட்டில் காயப்போட்டு, பிறகு பசளைக் குழியில் போடலாம்.

5. ஓயாவுக்குப் பக்கத்தில் துணி கழுவிய சவர்க்காரத் தண்ணீரை நேரே விடாமல் வாழையடியிலோ மண்ணிலோ விடுங்கள்.

சபையிடமும் நாம் கேட்கவேண்டியது இருக்கிறது. கடைவீதியிலும் திருவிழாக் கடைகளிலும் இந்தச் செடி, மீன் விற்பதைக் கவனிக்கவேண்டும். கான் ஓயாவில் விழுகிற இடத்தில் கம்பி வலை போடவேண்டும். நாம் ஒரு செடியைப் பற்றி அறிவித்தால் வந்து பார்க்க ஒரு உத்தியோகத்தரின் பெயரைத் தரவேண்டும். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி உறுப்பினரிடம் கொடுப்போம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேர், ஒரு தாயும் ஒரு இளைஞனும், ஓயாப் பக்கம் பார்த்துவரப் பெயர் தாருங்கள். மாதம் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் போதும். கோவில் கமிட்டியும் மாதர் சங்கமும் கைகொடுத்தால் இது பெரிய வேலையே இல்லை.